மாமியார் நெற்றியில் ஒட்டிய பொட்டு

என் கணவர் எண்ணெய்க் கப்பலில் எந்திர அறை ஃபிட்டர். ஒரு தடவை ஏறினால் ஏழெட்டு மாதம் கழித்துத்தான் இறங்குவார். தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறைச் சன்னலில் நின்றால், நீரிணையில் நங்கூரம் போட்ட கப்பல்கள் தெரியும். கல்யாணமான புதிதில் அவற்றைக் காட்டி, "உங்க கப்பல் இதுல எது மாதிரி இருக்கும்?" என்று கேட்பேன். "இதெல்லாம் சம்பான் லா, சின்னப் படகு" என்று சிரிப்பார்.

அவர் கப்பலில் இருக்கும்போது வீட்டில் நான், மாமனார், மாமியார், எங்கள் நான்கு வயது மகள். என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எங்கள் சொந்தத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்து, மேலே போய்ப் பட்டமும் வாங்கிய முதல் ஆள் நான்தான். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நான் ஒப்புதல் தராமல் ஒரு பெட்டி வெளியே போகாது. எனக்கு அதில் பெருமை உண்டு, அதை மறைத்துப் பழக்கமில்லை. கணவர் வீட்டிலும் படித்தவர்கள் கிடையாது. அங்கே 'படிச்சவ' என்ற சொல்லை இரண்டு விதமாகச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் ஒரு விதம். என்னிடம் ஒரு விதம்.

கடைசியாக அவர் கிளம்பியபோது நான்தான் விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். வண்டியை நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை.

"வீட்டுல எது நடந்தாலும் என்கிட்ட மறைக்கக் கூடாது. எதுன்னாலும்."

"மறைக்க மாட்டேன்."

"சத்தியமா சொல்லு."

"சத்தியமா."

காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை அவர் கடலில் இருந்தபோது, மாமியாருக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து பாசாரில் மீன் வாங்கப் போனபோது மீன்காரர், "அம்மா இப்ப எப்படி இருக்காங்க, ஆபரேசனுக்கப்புறம்?" என்று கேட்டிருக்கிறார். வாங்கிய மீனை அங்கேயே விட்டுவிட்டு வந்து, வீட்டில் யாருடனும் பேசாமல் இருந்திருக்கிறார். "ஊர்ல இருக்கிற மீன்காரனுக்குத் தெரியுது, மகனுக்குத் தெரியல" என்று அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் அவர் நம்பிய ஒரே வாய் என்னுடையது. எங்கள் கல்யாணமே அதன்மேல்தான் நின்றது என்று சொல்வேன்.

அவர் ஏறி மூன்று மாதம் இருக்கும், வளைகுடாவில் போர் மூண்டது. அவருடைய கப்பல் உள்ளே ஒரு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. வெளியேற அனுமதி வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். தலைக்கு மேலே டிரோன் போகும் சத்தம் கேட்பதாகச் சொன்னார். மோட்டார் சைக்கிள் ஒன்று மேகத்துக்குள் போவது போல இருக்குமாம். நினைத்த நேரத்தில் கப்பலில் தொடர்பைத் துண்டித்துவிடுவார்கள். சில சமயம் நாள்கணக்கில் ஒரு செய்தியும் வராது. பிறகு திடீரென்று, தொழிற்சாலையில் நான் கூட்டத்தில் இருக்கும்போது அழைப்பார்.

மாமனாருக்கு முன்பே ஒரு முறை வாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. பேச்சு குழறும். எனக்கு மட்டும் தெளிவாகப் புரியும். காலையில் அவரைத் துடைத்து, பெம்பர்ஸ் மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறுவேன். சாயங்காலம் வந்ததும் அவருக்கு வேண்டியது செய்தி. தொலைக்காட்சியில் கீழே ஓடும் எழுத்தை அவரால் படிக்க முடியாது. எப்போதுமே படிக்க முடிந்ததில்லை. எரியும் கப்பல் ஒன்றைக் காட்டினால் போதும், இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுப்பார்.

"என்ன போட்டிருக்கான்?"

"வேற கப்பல் மாமா. வேற நாட்டுக் கொடி."

"ஆளு?"

"ரெண்டு பேரக் காணோமாம்."

மாமியாருக்கு இது பிடிக்காது. "எதுக்கும்மா அவருக்கு அதெல்லாம் படிச்சுக் காட்டுற? ஒண்ணும் இல்லன்னு சொல்லேன்." எரிவதைக் கண்ணால் பார்க்கிறவரிடம் ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது? நான் படித்துக் காட்டினேன்.

ஒரு சாயங்காலம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். இரண்டாவது வாதம். பொது மருத்துவமனையில் சில நாள்கள் இருந்தார். அந்த நேரம் பார்த்துக் கணவரின் கப்பலில் தொடர்பு இல்லை. நான் அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றை டிக் விழுந்து அப்படியே நின்றன. கம்பெனியின் அலுவலகத்துக்கு அழைத்தேன். எல்லாரும் பத்திரம், இப்போது பேச முடியாது என்றார்கள். மாமனார் இறந்தார். அதைச் செய்தியாக எழுதி அனுப்ப மனம் வரவில்லை, அவர் அழைக்கும்போது வாயால் சொல்லலாம் என்று இருந்தேன்.

செய்தி கேட்டு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி உறவெல்லாம் வந்தது. மருத்துவமனையில் இருந்தபோதே வந்து, கடைசிவரை போகாமல் இருந்தவர் மாமனாரின் அக்கா. கணவருக்கு அத்தை, எனக்குப் பெரியம்மா முறை. அதே அக்கரையில் பாகான் டாலாமில் இருப்பவர். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் எதை எப்போது செய்ய வேண்டும் என்று சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் வைத்த ஒப்பாரியில் நானும் இருந்தேன். "படிச்சு படிச்சுக் காட்டியே உன்னப் பாடையில ஏத்திட்டாளே என் தம்பி" என்று ராகம் போட்டு இழுத்தார். சுற்றி இருந்த பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த வரிக்கும் சேர்த்து அழுதார்கள். நான் காப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

ஒரே மகன் உயிரோடு இருக்கும்போது பெரியம்மாவின் மகன் கொள்ளிச் சட்டி தூக்கினார். மின்சுடலையிலிருந்து திரும்பி எல்லாரும் குளித்து முடித்ததும் பெரியம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டார். மாமியார் கட்டிலில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்.

"அவனுக்கு இது தெரியக் கூடாது" என்றார் பெரியம்மா.

"யாருக்கு?"

"யாருக்கா? உன் புருஷனுக்குத்தான். அங்க குண்டு விழுது. இவன் அப்பன நெனச்சு அழுதுகிட்டே மெஷின்ல கைய வுட்டான்னா யாரு பதில் சொல்றது? வந்து எறங்கட்டும், சொல்லிக்கலாம்."

"மறைக்க மாட்டேன்னு அவருக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன், பெரியம்மா."

"புருஷனுக்குப் பண்ண சத்தியமெல்லாம் புருஷன் உசுரோட வந்தாத்தான்."

அவர் சொன்ன காரணம் முழுக்கத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். எந்திர அறையில் கவனம் சிதறினால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு மனிதனின் அப்பா செத்த செய்தி அந்த மனிதனுடையது. அதை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. இதைச் சொன்னேன். "பாத்தியா, பேசறத!" என்றார் பெரியம்மா, மாமியாரைப் பார்த்து.

மாமியார் எழுந்து வெளியே போனார். கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து என் முன்னால் நிறுத்தினார். என் வலது கையை எடுத்துக் குழந்தையின் உச்சந்தலையில் வைத்து, அதன்மேல் தன் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார்.

"சொல்லு. பாப்பா மேல சத்தியமா நானா சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"அத்தை, இது ரொம்பத் தப்பு."

"எனக்கு இருக்கிறது ஒரு புள்ள. சொல்லு."

பாப்பா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்தாள். இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல நான். குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட அன்று வேப்பிலையைத் தூக்கி எறிந்தவள். ஆனாலும் அந்தக் கைகளுக்கு அடியிலிருந்து என் கையை உருவ முடியவில்லை. சொன்னேன்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. அவருடைய சித்தப்பா மகன் ஒருவன் ஃபேஸ்புக்கில் மாமனாரின் படத்தை மாலையோடு போட்டிருந்தான். அதை நீக்கச் சொல்ல வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த இரங்கல்களை அழிக்கச் சொல்ல வேண்டும். கூடப் படித்தவர்கள், முன்பு கூட வேலை செய்தவர்கள், கோயில்காரர்கள் என்று ஒவ்வொருவராக அழைத்து, "அவருக்கு எழுதிடாதீங்க" என்று சொல்ல வேண்டும். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து யார் யார் விட்டுப்போனது என்று ஞாபகப்படுத்தினார். ஆனால் பேசிய குரல் என்னுடையது. அதன் விலை அப்போது எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் துக்கம் முடிந்த மறுநாள் அழைப்பு வந்தது. பெரியம்மா பாய்ந்து வந்து ஒலிபெருக்கியைப் போடச் சொன்னார்.

"மெசேஜ் எல்லாம் இப்பத்தான் மொத்தமா வருது. அப்பா ஆஸ்பத்திரியிலன்னு போட்டிருக்க? இப்ப எப்படி?"

பெரியம்மா என் தொடையில் கை வைத்தார். "வீட்டுக்கு வந்துட்டாரு" என்றேன். பொய் இல்லை. பெட்டியில் வந்தார்.

"குடு அவருகிட்ட."

"தூங்குறாரு."

"எந்நேரமும் தூக்கமா? மருந்து ஜாஸ்தியா இருக்கப் போவுது. டாக்டர்கிட்ட கேளு. நீதான் படிச்சவளாச்சே, சும்மா தலையாட்டிட்டு வராத."

"கேக்கறேன்."

வைத்ததும் பெரியம்மா பெருமூச்சு விட்டார். "நல்லா சொல்ற. நாங்கன்னா உளறியிருப்போம். படிச்சதுக்கு இதுக்காவது ஆச்சு."

அடுத்த முறை கணவர் பேசி அனுப்பிய குரல்பதிவு வந்தது. அப்பாவின் காதில் வைத்துக் காட்டு என்று எழுதியிருந்தார். மாமனாரின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமியார் தொலைபேசியைப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். "அப்பா, நான்தான். இங்க ஒண்ணும் பயமில்ல. டிவிய நம்பாதீங்க. வந்து உங்கள ஃபெர்ரில கூட்டிட்டுப் போறேன், அந்தப் பக்கம் போய்க் கடையில மீ சாப்பிடலாம்." மாமியார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். மறுநாள் கணவர் அழைத்துக் கேட்டார்:

"போட்டுக் காட்டினியா? என்ன பண்ணாரு?"

"சிரிச்சாரு" என்றேன்.

தொழிற்சாலையில் ஒரு அளவு அரை மில்லிமீட்டர் கூடினால் பெட்டியையே திருப்பி அனுப்புகிறவள் நான்.

பாப்பாதான் எல்லாருக்கும் பயம். "தாத்தா சாமிகிட்ட போயிட்டாரு" என்று லிஃப்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியம்மா அவளை மடியில் வைத்துப் பழக்கினார். "அப்பா கேட்டா என்ன சொல்லணும்?" "தாத்தா தூங்குறாரு." சரியாகச் சொன்னால் ஒரு சாக்லேட். அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். பிறகு யாரும் கேட்காமலே, சாக்லேட் வேண்டும் என்றால், "தாத்தா தூங்குறாரு" என்று வந்து நிற்பாள்.

பதினாறாம் நாள் கருமகிரியைக்கு முந்தைய சாயங்காலம் மாமியாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். முகத்தில் மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்துக் கூடத்தின் நடுவில் உட்கார வைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வளையலைப் பெரியம்மாவே உடைத்தார். தாலியைக் கழற்றிப் பால் ஊற்றிய கிண்ணத்தில் போட்டார்கள். நான் அந்த நேரம் மாமியாரை வெறுத்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்தும் அதைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடமும் குங்குமம் இருந்த இடம் மட்டும் நெற்றியில் வேறு நிறமாக, வெளுத்து, வட்டமாகத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவரிடமிருந்து செய்தி. மறுநாள் கப்பல் கிளம்புகிறது. சண்டை நடக்கும் நீர்ப்பகுதியைத் தாண்டும்வரை தொடர்பு இருக்காது. போவதற்கு முன் எல்லாரையும் முகம் பார்க்க வேண்டும், இன்னும் அரை மணி நேரத்தில் வீடியோவில் வருகிறேன், அப்பா தூங்கினால் எழுப்பாதே, அம்மாவைக் கட்டாயம் உட்கார வை.

மாமியார் கட்டிலிலிருந்து இறங்கினார். "நான் பேசணும். என் புள்ள மொகத்த நான் பாக்கணும்."

"எப்படிப் பாப்ப? மூளி நெத்தியோடயா?" என்றார் பெரியம்மா.

"வீடியோ ஓடலன்னு சொல்லிடலாம்" என்றேன் நான்.

"நீ சொல்லுவ. உனக்கென்ன. போற வழியில அவனுக்கு எதாச்சும் ஆயிடுச்சுன்னா, நான் மொகம் காட்டாத பாவத்த யாரு சொமக்கிறது?" என்று மாமியார் என் மேல் பாய்ந்தார். பிறகு பெரியம்மாவிடம் திரும்பி, "அண்ணி, கொஞ்ச நேரம் குங்குமம் வச்சுக்கறேன். அப்புறம் அழிச்சுடறேன்" என்றார்.

பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. "எறக்கின குங்குமத்த மறுபடி ஏத்துறதா? என் தம்பி ஆத்மா இன்னும் வாசப்படி தாண்டியிருக்காது. மகனுக்குத்தான் ஆகாது. தெரிஞ்சுக்க."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா யோசித்தார். அவர் யோசிக்கும்போது வாய் வெற்றிலை போடுவது போல அசையும். பிறகு என் நெற்றியைப் பார்த்தார்.

"ஏம்மா, உன்னுது ஸ்டிக்கர்தானே?"

"ஆமா."

"அதுல ஒண்ணு எடுத்து ஒட்டு. அது பொட்டுல சேத்தி இல்ல. வெறும் பிளாஸ்டிக். அதுக்குத் தோஷம் கெடையாது."

நான் சிரித்திருக்க வேண்டும். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. என் அலமாரியிலிருந்து பொட்டு அட்டையை எடுத்து வந்தேன். இருந்ததிலேயே பெரியது ஒன்று, அரக்குச் சிவப்பு. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் காட்டினார். அந்த வெளுத்த வட்டத்தின் நடுவில் வைத்து விரலால் அழுத்தினேன். வட்டத்தை அது மறைக்கவில்லை. சுற்றிலும் ஓரம் தெரிந்தது. நீலப் புடவை கட்டிவிட்டோம். வெறும் கழுத்தை மறைக்கத் துண்டு ஒன்றைச் சுற்றி, சளி என்று சொல்ல முடிவு செய்தோம். என் வளையல் அவர் கையில் ஏறவில்லை. திரையில் தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். இதையெல்லாம் நான்தான் செய்தேன். நன்றாகவே செய்தேன்.

அழைப்பு வந்தது. திரையில் அவர் முகம் கறுத்து இளைத்திருந்தது. பின்னால் இரும்புச் சுவர். முதலில் பாப்பா. "தாத்தா தூங்குறாரு" என்று அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள். அவர் சிரித்தார். பிறகு தொலைபேசியை மாமியார் முன்னால் பிடித்தேன்.

"என்னம்மா, கழுத்துல துண்டு?"

"சளிப்பா."

"வெந்நி குடிக்கிறியா?"

"குடிக்கிறேம்பா. நீ சாப்பிட்டியா?"

அவர் திரைக்குப் பக்கத்தில் வந்தார். அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன.

"நீ எப்ப இருந்தும்மா ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற?"

"குங்குமம் தீந்துபோச்சுப்பா."

"பினாங்குல குங்குமம் தீந்துபோச்சா?"

மாமியார் என்னைப் பார்த்தார். ஸ்டிக்கர் பொட்டு வைக்கிறவர்களை அவர் பேசாத பேச்சு கிடையாது. என் கல்யாணத்தின்போதே, "ஒட்டுறதும் பிக்கிறதும், சுவத்துல பல்லி மாதிரி" என்று சொன்னவர். அதை எங்கள் எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டு வளர்ந்தவர் அவருடைய மகன். அரை மணி நேரமாக அந்தப் பொட்டைப் பற்றியே பேசிய மூன்று பெண்களுக்கு அது தோன்றவில்லை.

"அப்பா எப்போ?" என்றார் அவர்.

மாமியார் வாயைத் திறந்தார். பெரியம்மா என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கினார்.

"சாமி, நீ பதறாத. ஒனக்குச் சொல்லத்தான் இருந்தோம். உன் பொண்டாட்டிதான் வேண்டாம்னா. இங்க யாரு பேச்சு எடுபடுது? படிச்சவ சொல்றா, நாங்க கேட்டுக்கிட்டோம்."

"பெரியம்மா!" என்றேன்.

"கேட்டுப் பாருப்பா. ஊருக்கெல்லாம் அவதான் ஃபோன் போட்டா. ஃபேஸ்புக்குல போட்ட படத்தக்கூட அழிக்கச் சொன்னவ அவதான். உன் சித்தப்பா மகனயே கேளு."

நான் மாமியாரைப் பார்த்தேன். குழந்தையின் தலையில் என் கையை வைத்து அழுத்திய அதே கைகள் நீலப் புடவை மடியில் கிடந்தன. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தொலைபேசியை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் அழவில்லை. என்னைப் பார்த்தார்.

"அப்பா சிரிச்சாருன்னு சொன்னியே" என்றார்.

"நான் சொல்றதக் கேளுங்க..."

திரை அணைந்தது.

கப்பல் கிளம்பிவிட்டது. அந்த மௌனம் எத்தனை நாள் நீண்டது என்று இங்கே எண்ணிச் சொல்ல விரும்பவில்லை. நான் வேலைக்குப் போனேன், வந்தேன். பெரியம்மா பாகான் டாலாமுக்குத் திரும்பாமல் எங்கள் கூடத்திலேயே பாய் விரித்திருந்தார். செய்தி நேரத்தில் மாமியார் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி வைத்துக்கொள்வார். "இவ படிக்க ஆரம்பிச்சா இன்னொரு உசுரும் போயிடும்" என்பார். தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கரை அன்றைக்கே பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டார். ஒட்டச் சொன்னதும் நான்தான் என்று ஆகிவிட்டது. ஒரு நாள் நான் சாப்பிட உட்கார்ந்தபோது பெரியம்மா சொன்னார்: "வர்றவன் நேரா உன்ன உங்க ஆத்தா வீட்டுல கொண்டுபோய் வுட்டுட்டுத்தான் செருப்பக் கழட்டுவான், பாரு." அப்படி நடக்கலாம் என்று எனக்கும் தெரியும். அவர் இனி என்னை நம்பவில்லை என்றால் நான் அந்த வீட்டில் எதற்கு? சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன். அவர்கள் முன்னால் பட்டினி கிடக்க எனக்கு இஷ்டமில்லை.

அழைப்பு வந்தபோது அது என் தொலைபேசிக்கு வரவில்லை. மாமியாரின் பழைய கைத்தொலைபேசிக்கு வந்தது. சனிக்கிழமை காலை. நான் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"தாண்டிட்டோம். எல்லாரும் பத்திரம்" என்றார். மாமியார் கதறிவிட்டார். அம்மாவை அழவிட்டு, அவர் காத்திருந்தார். பிறகு, "ஸ்பீக்கர்ல போடு. அத்தை இருக்காங்களா?" என்றார்.

"இருக்கேன் சாமி."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அப்பா கடைசியில என்னக் கேட்டாரா?"

"இல்ல சாமி. நெனவே இல்ல அவருக்கு. தூங்கினாப்புல போயிட்டாரு. ஒரு கஷ்டமும் படல."

"அம்மா?"

"ஆமாப்பா. தூக்கத்துலயே."

எந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே கணவர் சொன்னார்:

"அவள கூப்பிடு."

மாமியார் தொலைபேசியை நீட்டினார். நீட்டிய கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார். கண்ணால் வேண்டாம் என்றார். பெரியம்மா உதட்டில் விரலை வைத்து, தலையை இடமும் வலமும் ஆட்டினார். இந்தக் கேள்விக்கு யாரும் குழந்தையின் தலையில் சத்தியம் வாங்கியிருக்கவில்லை.

"நீ சொல்லு" என்றார். "ஆஸ்பத்திரியில நீதானே இருந்த? கேட்டாரா?"

"கேட்டாரு."

பெரியம்மா தரையில் ஓங்கி அறைந்தார்.

"எப்படிக் கேட்டாரு?"

"உங்க பேரச் சொல்லித்தான் எல்லாரையும் கூப்பிட்டாரு. ஊசி போட வந்தவங்களையும் அப்படித்தான். கதவு தொறந்தா நீங்கன்னு எந்திரிக்கப் பாத்தாரு. கடைசி நாளு பெரியம்மா அவரு காதுல, 'மகன் வந்துட்டான், ஏர்போர்ட்ல எறங்கிட்டான்'னு சொன்னாங்க. அதுக்கப்புறம் கண்ண மூடல. கதவையே பாத்துகிட்டு இருந்தாரு. 'கெளம்பிட்டானா, ரோட்டுல ஜாமா'ன்னு என்கிட்ட கேட்டாரு. அப்படியே பாத்துகிட்டேதான் போனாரு. கண்ண நான்தான் மூடிவுட்டேன்."

பாப்பா பாதி பின்னிய சடையோடு என் மடியில் இருந்தாள். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு ஒரு சத்தம் வந்தது. ஆண்கள் அழும்போது வரும் சத்தம். நான் அதை அதற்கு முன் கேட்டதில்லை. அது அடங்கும்வரை தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அத மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம் நீ" என்றார்.

"நீங்க கேட்டீங்க."

"ஆமா. கேட்டேன்."

அழைப்பு முடிந்தது. மாமியார் என் மணிக்கட்டை விட்டார். அவருடைய நகம் பதிந்திருந்தது.

"இப்ப நிம்மதியா உனக்கு?" என்றார்.

"ஆமா அத்தை" என்றேன். பாப்பாவின் சடையைப் பின்னி முடித்தேன்.

பெரியம்மா அன்றைக்கே துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஃபெர்ரி ஏறினார். எனக்குக் கல் நெஞ்சு என்று அந்தப் பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். கணவர் இன்னும் இறங்கவில்லை. மாற்று ஆள் கிடைக்காமல் கப்பல் வேறொரு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அவருடைய அழைப்பு இப்போது என் எண்ணுக்கு வருகிறது. பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் எவ்வளவு என்று கேட்கிறார், சொல்கிறேன். அம்மா சாப்பிடுகிறாளா என்பதை அம்மாவிடம் கேட்காமல் என்னிடம் கேட்கிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சொல்கிறேன். மறு கேள்வி கேட்காமல் நம்புகிறார். அப்பாவைப் பற்றி மட்டும் எதையும் கேட்பதில்லை.